சீப்பர் வீட்டு ஜிம்மி

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் எல்லாரும் தங்கள் உயிருக்குப் பயந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நாயின் காதுக்குள் ஈரம் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த ஒரே மனிதர் சீப்பர்தான். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள், அந்த வருடங்களில் சரவணைக் கிராமத்தில் இருந்த யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். குறைத்துச் சொல்லியிருக்கிறான் என்பார்கள்.

சீப்பருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஊரில் அதை யாரும் பாவித்ததில்லை. அவருடைய தலை வழுக்கை. ஓரத்திலோ பிடரியிலோ ஒப்புக்குக்கூட ஒரு முடி கிடையாது. ஆனால் சேட் பொக்கற்றில் பேனைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சீப்பு நிற்கும். ஊர்காவற்றுறையில் அவர் தலைமை லிகிதராக இருந்த அரசாங்கக் கந்தோருக்கு அலுவலாக வருகிறவர்கள் முதலில் சீப்பைப் பார்ப்பார்கள், பிறகு தலையைப் பார்ப்பார்கள், பிறகு வந்த அலுவலை மறந்துவிடுவார்கள்.

அந்தச் சீப்பு அவருடைய நாய் ஜிம்மியினுடையது. வீட்டில் வைத்துவிட்டு வந்தால் மனைவி பவளமக்கா தன் தலைக்கு எடுத்துவிடுவா என்ற பயத்தில் கூடவே கொண்டு திரிந்தார்.

"மனுசத் தலையிலை பேன் இருக்கும் தம்பி. நாய்க்குத் தொத்திப்போடும்" என்று என்னிடம் ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நாய்க்கு மனிதப் பேன் தொற்றாது என்று பிறகொரு மிருக வைத்தியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சீப்பருக்கும் அவர்தான் சொன்னார். ஆனாலும் சீப்பு பொக்கற்றை விட்டு இறங்கவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் முடிந்து சில மாதங்களில் நான் வடமராட்சியிலிருந்து அந்தக் கந்தோருக்கு மாற்றலாகிப் போனேன். தங்க இடமில்லை. சரவணையில் தன் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்றார் சீப்பர். தருவதற்கு முன்னால் ஒரு நேர்முகப் பரீட்சை வைத்தார்.

"உமக்குச் சொறி சிரங்கு ஏதும் இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"நகத்தைக் காட்டும் பாப்பம்."

காட்டினேன்.

"வெட்டிப்போட்டு வாரும். வீட்டிலை ஆள் இருக்கு."

கைக்குழந்தை இருக்கிறதாக்கும் என்று நினைத்து நகம் வெட்டி, ஒரு பிஸ்கற் பைக்கற்றும் வாங்கிக்கொண்டு போனேன். படலையைத் திறந்ததும் ஒரு பஞ்சு மூட்டை குரைத்துக்கொண்டு என்மேல் பாய்ந்தது. பிஸ்கற் சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் சீப்பர் பைக்கற்றை வெயிலுக்குப் பிடித்து, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்தார்.

ஜிம்மி கொழும்பில் பிறந்த நாய். வெள்ளை நிறம், நீள மயிர், சின்ன மூஞ்சி. சரவணையின் ஊர் நாய்கள் அதைச் சுற்றி நின்று மணந்து பார்த்து, இது நம் இனம்தானா என்று முடிவெடுக்க முடியாமல் திரும்பிப் போகும். தீவின் வெயிலும் உப்புக் காற்றும் நெருஞ்சி முள்ளும் உண்ணியும் அந்த மயிருக்கென்றே காத்திருந்தவை மாதிரி வந்து ஏறின. அதனால்தான் தினமும் காலையில் அந்தப் பரிசோதனை நடந்தது.

முற்றத்து வேம்பின் கீழ் ஒரு வாங்கு. வாங்கின்மேல் சாக்கு. சாக்கின்மேல் ஜிம்மி. சீப்பர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்பார். முதலில் முரசு, அதாவது பல் ஈறு. மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி எடுப்பார். வெளிறிய இடம் உடனே சிவக்கவேண்டும். சிவந்தால் மூச்சு விடுவார், சிவக்கச் சற்றுப் பிந்தினால் அன்றைக்குக் கந்தோரில் எல்லாக் கோப்பும் பிந்தும். பிறகு காதைத் திருப்பி மணந்து பார்ப்பார். பிறகு விரலிடுக்குகள். உண்ணியைக் கண்டால் நசுக்கமாட்டார். சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குள் போடுவார். கடைசியில் சீப்பு. சிக்கை இழுக்கமாட்டார். விரலால் பிரித்து, நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல அடிக்குப் போவார். ஜிம்மி கண்ணை மூடிக்கொண்டு, மாப்பிள்ளைக்குச் சவரம் நடப்பது மாதிரி உட்கார்ந்திருக்கும்.

பரிசோதனையின் முடிவுகள் கந்தோருக்கும் வரும். காணி அலுவலாக வந்த ஒரு வயதான ஐயா கையில் தொப்பியோடு பவ்வியமாக நின்றுகொண்டிருக்க, சீப்பர் என் மேசைப் பக்கம் திரும்பி, "தம்பி, இண்டைக்கு வெளிக்குப் போனது கொஞ்சம் இளக்கம். நீர் கவனிச்சனீரோ?" என்று கேட்டார். அந்த ஐயா என்னை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்து, "மாதுளங்கோதை அவிச்சுக் குடியும் மோனை" என்றுவிட்டுப் போனார்.

தண்ணீர் விஷயம் இதைவிட மோசம். சீப்பர் வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணீர் வேண்டுமானால் வயல் வெளிக்கு அப்பால் போய், சைக்கிளில் வாளி கட்டிக் கொண்டுவரவேண்டும். உவர்த் தண்ணீரில் குளித்தால் ஜிம்மியின் தோல் வெடித்துவிடும் என்பது சீப்பரின் முடிவு. ஆகவே நல்ல தண்ணீரில் தேத்தண்ணி போடப்பட்டது, ஜிம்மி குளித்தது. நானும் பவளமக்காவும் உவரில் குளித்தோம். சவுக்காரம் நுரைக்காது, தேய்த்தால் உடம்பு சுண்ணாம்பு பூசினது போல ஆகும்.

"என்ரை தலைமயிரைப் பாருங்கோ, தும்புக்கட்டை மாதிரிக் கிடக்கு" என்பா பவளமக்கா. "உவனுக்குப் பட்டு மாதிரி. நான் செத்தால் நல்ல தண்ணியிலை குளிப்பாட்டுவியளோ?"

"சும்மா விசர்க்கதை கதையாதையும். அந்தப் பஞ்சை எடும், காதுக்கு வைக்கவேணும்."

குளிப்பாட்டுமுன் ஜிம்மியின் இரண்டு காதிலும் பஞ்சு. குளித்தபின் துவாயால் துவட்டி, விரலிடுக்கு விரலிடுக்காக ஒற்றி எடுத்து, நிழலில் நிறுத்தி, ஓலை விசிறியால் விசிறுவார். கைநோகும்போது விசிறி என்னிடம் வரும். தொழிற்சங்கம் ஒன்றில் நான் சேர்ந்தது விசிறி முதன்முதலில் வந்த கிழமைதான்.

அந்த வீட்டில் எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தது. சீப்பர் பதைபதைத்துக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, என் வாயில் தேமோமீற்றரை வைத்தார். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நூற்றியொண்டரை. பயப்பிட ஒண்டுமில்லை. சரியான அளவுதான்."

"அண்ணை, மனுசருக்குத் தொண்ணூற்றெட்டுச் சொச்சமெல்லோ?"

"ஓ" என்றார் சீப்பர். கொஞ்சம் யோசித்தார். "ஓம், நீர் மனுசன் என்ன."

எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணை, இது ஆருடைய தேமோமீற்றர்?"

குசினிக்குள் பவளமக்காவின் கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்தது. சீப்பர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஸ்பிரிற்றிலை வடிவாக் கழுவினனான்" என்றார். நாய்க்கு உடம்புச் சூடு எந்த வழியாகப் பார்க்கப்படும் என்று தெரிந்தவர்களுக்கு நான் மேலே எதுவும் சொல்லவேண்டியதில்லை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிடுங்கள்.

காய்ச்சல் விட்டபின், கஞ்சி கொண்டுவந்து தந்த பவளமக்காவிடம் நான் கேட்டேன். "அக்கா, அண்ணை ஏன் இந்த நாய்க்கு இப்பிடிப் பதைக்கிறார்?"

அவ கதவு நிலையில் சாய்ந்து நின்றா. "கொழும்பிலை எங்கடை வீட்டை எரிக்கேக்கை நாங்கள் பின்மதிலாலை குதிச்சு ஓடினனாங்கள். இவனை விட்டிட்டு வந்திட்டம். அகதி முகாமிலை இருந்து, கப்பலிலை காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிற வரைக்கும் மனுசன் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள மனுசி இவனைத் தன்ரை குளிக்கிற அறைக்குள்ளை வைச்சுச் சோறு போட்டிருக்கிறா. பேந்து ஒரு லொறிக்காரனிட்டைக் குடுத்து அனுப்பிவிட்டா. அந்த வீட்டிலை இருந்து முழுசா வந்து சேந்தது இவன் ஒருத்தன்தான்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "எனக்கெண்டா உந்த நாயைக் கண்ணிலை காட்டக்கூடாது" என்றுவிட்டுப் போனா.

எண்பத்து நாலாம் ஆண்டுக் கோடையில் சரவணைக்கு ஒரு விசர் நாய் வந்தது. எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரின் ஆட்டைக் கடித்து, வயலுக்குள் ஓடி, அங்கே அடிபட்டுச் செத்தது. ஆடு சில வாரங்களில் வாயில் நுரை தள்ளிச் செத்தது. ஊர் நடுங்கிப்போயிற்று. மனேச்சர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். கட்டாமல் திரிகிற நாயையெல்லாம் அடிப்பதென்று வாசிகசாலையில் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள்.

சீப்பருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. விசர் நாய் வந்த அன்று ஜிம்மி வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வெளியே போய், ஒரு மணித்தியாலம் எங்கோ திரிந்துவிட்டு வந்திருந்தது. அதன் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "மயிருக்குள்ளை மறைஞ்சிருக்கலாம்" என்று மறுபடி பார்த்தார். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

தடுப்பூசி போட்டே தீரவேண்டும் என்று ஊர்காவற்றுறை மிருக வைத்தியரிடம் ஓடினோம். இளம் வயது, பொறுமையான மனிதர். ஜிம்மியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிழமைக்கு எத்தினை தரம் குளிப்பாட்டுறியள்?" என்று கேட்டார்.

"மூண்டு. சில நேரம் நாலு" என்றார் சீப்பர் பெருமையாக.

"தோலிலை இருக்கிற எண்ணெய் எல்லாம் போட்டுது. அதுதான் சொறியிறான். மாதத்துக்கு ரண்டு தரம் காணும்."

சீப்பர் முகம் கறுத்துவிட்டது. நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், எத்தனை வாளி நல்ல தண்ணீர், எத்தனை சைக்கிள் மிதி. வைத்தியரின் காலில் விழலாம் போல இருந்தது.

தடுப்பு மருந்து அவரிடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தன் நண்பரான ஒரு வைத்தியரிடம் இருக்கிறது, ஆனால் ஒரு போத்தலில் பல நாய்களுக்கான மருந்து வரும், திறந்தால் அன்றைக்கே போட்டு முடிக்கவேண்டும், வழியெல்லாம் ஐஸில் வைத்துக் கொண்டுவரவேண்டும் என்றார். "ஊரிலை இருக்கிற நாயள் எல்லாத்தையும் சேர்த்தால் நானே வந்து போட்டுவிடுறன்."

சீப்பர் வீடு வீடாகப் போய், விசரின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து, நாய்களைக் கொண்டுவரச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை சீப்பரும் நானும் யாழ்ப்பாணம் போனோம். பவளமக்காவின் சுடுதண்ணிப் போத்தலில் ஐஸ் போட்டு, அதற்குள் மருந்துப் போத்தல்களை இறக்கி, மூடி, துவாயால் சுற்றி வைத்துக்கொண்டு, திரும்பி வர பஸ் ஏறினார் சீப்பர். பஸ் வெளிக்கிடுவதற்குள்ளேயே மூன்று முறை மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

தீவுக்குப் பிரியும் பண்ணைப் பாலத்தடியில் ஆமி பஸ்ஸை நிற்பாட்டியது. எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். அந்த நாட்களில் அந்த வரிசையில் நிற்பது என்றால் என்னவென்று என் வயதுக்காரருக்குத் தெரியும். ஆண்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் இருமக்கூட இல்லை. சீப்பரின் முறை வந்தது. துவாயைச் சுற்றிக் கட்டிய போத்தலைக் கண்டதும் சிப்பாய் இரண்டு அடி பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தினான்.

சீப்பர் நல்ல சிங்களத்தில் பேசினார். விசர் நாய்க்கு மருந்து, மூடியைத் திறந்தால் ஐஸ் உருகிவிடும், மகன், தயவு செய்து கெதியாகப் பார் என்றார். சிப்பாய் திறக்கச் சொன்னான். திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவன், மருந்துப் போத்தலில் இருந்த நாய்ப் படத்தைக் கண்டு துவக்கை இறக்கினான். எல்லாரும் மூச்சை விட்டோம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் சீப்பரிடம் ஏதோ கேட்டான். தங்கள் முகாமில் ஒரு நாய் நிற்கிறது, முதுகில் மயிர் எல்லாம் கொட்டுண்டு போகிறது, என்ன செய்யலாம் என்று.

சீப்பரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"காதோரத்தில் சொறிகிறதா, வால் அடியில் சொறிகிறதா?" என்று தொடங்கினார். வட்டமாகக் கொட்டுண்டால் ஒன்று, திட்டுத் திட்டாக என்றால் வேறொன்று. கடல் தண்ணீரில் குளிப்பாட்டுகிறீர்களா? ஐயோ, கூடாது! வேப்பிலை அவித்த தண்ணீரை ஆறவிட்டு ஊற்று. படுக்கிற சாக்கைக் கொளுத்து. இன்னொன்று, அடிக்கடி குளிப்பாட்டாதே, தோலில் இருக்கிற எண்ணெய் போய்விடும். கடைசி விஷயத்தைப் பிறந்தது முதலே தனக்குத் தெரியும் என்பது போல அழுத்திச் சொன்னார்.

பஸ் முழுக்க வெயிலில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் இரண்டு சிப்பாய்கள் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, உந்த மனுசனை இழுத்துக்கொண்டு வாரும். இல்லாட்டி நானே சுட்டுப்போடுவன்" என்றா. நான் சீப்பரின் சேட்டைப் பிடித்து, "அண்ணை, ஐஸ்!" என்றேன். அப்போதுதான் சுயநினைவு வந்து ஓடிவந்தார்.

மறுநாள் காலை வாசிகசாலை முற்றத்தில் ஊர் நாய்கள் கூடின. கயிற்றில் சில, சங்கிலியில் சில, சாறித் துண்டில் சில, சாக்குக்குள் ஒன்று. வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சீப்பர் பிடிக்கிற விதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, சங்கக்கடை மனேச்சரின் கறுப்பு நாய்க்குத் தானே வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் தோய்ந்து நின்றார்.

எல்லாம் முடிந்து கடைசியாக ஜிம்மியின் முறை. வைத்தியர் ஊசியை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்கோ டொக்டர்" என்று சீப்பர் தேமோமீற்றரை எடுத்துப் பார்த்தார்.

"நூற்றி நாலு."

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார் வைத்தியர். காய்ச்சலோடு தடுப்பூசி போடுவது நல்லதில்லை, சுகமானபின் பார்ப்போம் என்று குளிசை எழுதிக் கொடுத்தார். மிஞ்சிய மருந்தை வைத்திருக்க ஏலாது. ஆக, யாருக்காக அந்த மருந்து பண்ணை தாண்டி வந்ததோ, அந்த நாயைத் தவிர சரவணையிலுள்ள எல்லா நாய்களும் ஊசி போட்டுக்கொண்டு வீடு போயின.

காய்ச்சல் குளிசையில் விட்டது. ஜிம்மி சாப்பிடவும் தொடங்கியது. அடுத்த போத்தல் மருந்துக்கு ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் வாங்கின்மேல் ஏற ஜிம்மி மறுத்தது. வாயிலிருந்து வீணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தாடை தொங்கியிருந்தது. சோற்றை மணந்துவிட்டு விலகிற்று. தண்ணீர்ச் சட்டிக்கு வாயைக் கொண்டுபோய், ஒரு சத்தத்தோடு தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது. சீப்பர் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அது எதன் அறிகுறி என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஊருக்கே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே.

வேலிக்கு மேலால் பார்த்த யாரோ சொல்லியிருக்கவேண்டும். சற்று நேரத்தில் சங்கக்கடை மனேச்சர் ஒரு கம்போடு படலையில் நின்றார். பின்னால் ஐந்தாறு பேர்.

"அண்ணை, எனக்கு இதைச் சொல்ல வாய் வரேல்லை" என்றார் மனேச்சர். "என்ரை நாய்க்கு ஊசி போட்டது உங்களாலைதான். ஆனால் ஒழுங்கை முழுக்கச் சின்னப் பிள்ளையள் ஓடித் திரியுதுகள். நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. நாங்கள் செய்யிறம்."

"டொக்டர் வந்து பாக்கட்டும்."

"டொக்டர் யாழ்ப்பாணம் போட்டார். நாளைக்குத்தான் வருவார். அதுக்குள்ளை கட்டை அறுத்துக்கொண்டு போனால்?"

சீப்பர் ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு விறகுக் கொட்டிலுக்குள் போய் உள்ளே கொளுக்கியைப் போட்டுவிட்டார்.

"இஞ்சருங்கோ!" பவளமக்கா ஓடிப்போய்க் கதவில் அடித்தா. "வெளியிலை வாங்கோ! உங்களுக்கென்ன விசரோ!"

"எனக்கோ இவனுக்கோ எண்டு பாக்கத்தான் போறன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒருத்தரும் கிட்ட வராதையுங்கோ. தம்பி, அவவைப் பிடியும்."

ஓலைத் தட்டி வழியாக அசைவுதான் தெரிந்தது, உருவம் தெரியவில்லை. வீணீர் வடிகிற நாயின் வாய்க்குள் கையை விடக்கூடாது, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று நினைத்துக் கைவிட்டுத்தான் பலர் செத்திருக்கிறார்கள் என்று வாசிகசாலையில் நின்று ஊருக்குச் சொன்னவர் இவர். இப்போது உள்ளேயிருந்து கேட்டது, "வாயைத் திற ராசா. கொஞ்சம். அப்பாவெல்லோ, திற" என்ற குரல்.

பவளமக்கா என் பிடியை உதறப் பார்த்துக்கொண்டிருந்தா. திடீரென்று அவ வீரிட்டா: "நான் நேற்று விளைமீன் தலை குடுத்தனான்!"

உள்ளே சத்தம் நின்றது.

"என்ன?"

"மீன்தலை! நீங்கள் கந்தோருக்குப் போனாப்பிறகு குடுத்தனான். முள்ளாக்கும்! முள்ளைப் பாருங்கோ!"

"நான் எத்தினை தரம் சொன்னனான் மீன்முள்ளுக் குடுக்கவேண்டாம் எண்டு!" கொட்டில் அதிர்ந்தது. "எத்தினை நாளா இது நடக்குது?"

"ஒவ்வொரு நாளும்தான்! நீங்கள் குடுக்கிற அவிச்ச சோத்தையும் கரட்டையும் திண்டு அது எலும்பாப் போச்சு! பாவமா இருந்துது!"

"நாயைக் கண்ணிலை காட்டக்கூடாது எண்டனீர்!"

"உங்களைத்தான் காட்டக்கூடாது! கையை எடுங்கோ வெளியிலை!"

கம்போடு நின்ற மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உயிர் போகிற நேரத்தில் புருசனும் பெண்சாதியும் தட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று மீன்தலைக்குச் சண்டை பிடிப்பதை அவர்கள் எங்கும் கண்டிருக்கமாட்டார்கள். மனேச்சர் கம்பை மெல்லக் கீழே ஊன்றினார்.

உள்ளே ஒரு கேவல். ஜிம்மியுடையதா சீப்பருடையதா தெரியவில்லை. பிறகு ஒன்றுமில்லை. பவளமக்கா என் கையை நகத்தால் கீறிவிட்டிருந்தா, அதைக்கூட நான் பிறகுதான் கண்டேன்.

கொளுக்கி கழன்றது. சீப்பர் வந்தார். துவாய் முழுக்க வீணீரும் இரத்தமும். இரண்டு விரலுக்கு நடுவில் வில்லுப்போல வளைந்த ஒரு முள். மேல் அண்ணத்தில் பல்லுக்குப் பல் குறுக்காக இறுகிக் கிடந்திருக்கிறது. அவருக்குப் பின்னால் ஜிம்மி வந்தது. எங்களை ஒருவரையும் பாராமல் நேரே தண்ணீர்ச் சட்டிக்குப் போனது. குடித்தது.

ஒரு நாய் தண்ணீர் குடிப்பதை ஒரு கூட்டம் பேச்சு மூச்சில்லாமல் நின்று பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சளக் சளக்கென்று சட்டி காலியாகும் வரை குடித்தது. பவளமக்கா வாளியைத் தூக்கி ஊற்றினா. அது நல்ல தண்ணீர்.

சீப்பர் வாங்கில் உட்கார்ந்தார். மனேச்சர் கம்பை வேலியில் சாத்திவிட்டு வந்து, "அண்ணை, நீங்களும் ஒரு மிடறு குடியுங்கோ" என்று செம்பைக் கொடுத்தார்.

மறுநாள் வந்த மிருக வைத்தியர் நாயைப் பார்த்தார், பிறகு சீப்பரைப் பார்த்தார். "நாய்க்கு விசர் இல்லை. உங்களுக்குத்தான்" என்றார். ஆனாலும் விரலில் பல்லுப்பட்ட காயம் இருந்ததால், நாயைக் கொஞ்ச நாளைக்கு விடாமல் கவனிக்கச் சொன்னார். அது சுகமாக இருந்தால் இவருக்கும் பயமில்லை.

சீப்பர் ஜிம்மியைக் கவனித்தார். பவளமக்கா சீப்பரைக் கவனித்தா. மணிக்கொருதரம் அவர் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர் வந்து நிற்கும். குடித்து முடிக்கும்வரை அவ நகரமாட்டா. கந்தோருக்கும் போத்தலில் அனுப்பினா, கண்காணிப்பு என் பொறுப்பு. ஒழுங்கையால் போகிறவர்கள் வேலிக்கு மேலால், "அண்ணை, தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டார்கள். அவரும் கோபத்தோடு, "ஓம், குடிச்சனான், குடிச்சனான்!" என்று கத்துவார். அத்தனை தண்ணீர் குடித்த மனிதர் இரவில் எத்தனை முறை எழும்பினார் என்பதும் அவ கணக்கில் இருந்தது.

பயம் தீர்ந்தது. அடுத்த போத்தல் மருந்து வந்து, ஜிம்மிக்கும் ஊசி போட்டாயிற்று. மீன்தலை நிற்கவில்லை, ஆனால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, சதையைக் கையால் பிசைந்து பார்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பிசைகிற வேலையைச் சீப்பரே எடுத்துக்கொண்டார். எங்கள் கோப்புகளில் கொஞ்ச நாள் மீன் மணத்தது.

அடுத்த வருடம் எனக்கு வவுனியாவுக்கு மாற்றல் வந்தது. பாதை எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்று தெரியாத நாட்கள். விடியற்காலையில் சந்திக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். சீப்பரும் பவளமக்காவும் வந்தார்கள். ஜிம்மியும் வந்தது, மூன்று பேரிலும் அதுதான் வாரி இழுத்துக்கொண்டு வடிவாக இருந்தது. சீப்பர் எனக்கு வழி முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். எந்த இடத்தில் இறங்கி நடக்கவேண்டும், யாரோடும் கதைக்கக்கூடாது, அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருக்கவேண்டும், போனதும் ஒரு தந்தி அடிக்கவேண்டும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ் வந்தபோது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஜிம்மியைத் தூக்கி என் கையில் திணித்தார். அது என் கழுத்துக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது. கொண்டக்டர் இரண்டு முறை மணி அடித்த பிறகுதான் சீப்பர் அதைத் திருப்பி வாங்கினார்.

பஸ்ஸில் இருந்து பார்த்தபோது என் கறுப்புக் காற்சட்டை முழுக்க வெள்ளை மயிர். பக்கத்தில் இருந்தவர், "தம்பி, தட்டிவிடும்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். வவுனியா போய்ச் சேரும்வரை தட்டவில்லை.